துணி எடுக்கப் போன கதை



மலருக்கு என்ன எழுதட்டும்னு கேட்டேன். "சீருடைப் புடவை எடுக்கப் போன கதையை எழுதுங்கக்கா, இன்னும் எல்லாரும் அதைத்தான் பேசுறாங்க"ன்னு நம்ம கூட்டமைப்புச் செயலாளர் சொன்னாங்க. அன்னைக்கு நாகர்கோவில் கடையில நடந்தது ஒரு மணி நேரச் சமாசாரம்தான். ஆனா எழுத உட்கார்ந்தா அது ரொம்பப் பின்னால இழுத்துக்கிட்டுப் போகுது. கொஞ்சம் பொறுத்து வாசிங்க. கடைக்கு வந்து சேர நேரமாகும்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ம் தேதிதான் தமிழ்நாட்டோட சேர்ந்தது. அதுக்கு முன்னால இது திருவிதாங்கூர். அந்த ராஜ்யத்துல நாடார், ஈழவர், இன்னும் கீழே வைக்கப்பட்டிருந்த பல சாதிப் பெண்கள் இடுப்புக்கு மேல துணி போடக் கூடாதுன்னு வழக்கம் இருந்தது. வழக்கம்னா சும்மா இல்லை, மீறினா அடி. கடையில துணி இருக்கும், மடியில காசும் இருக்கலாம், வாங்கித் தோளில் போட உரிமை கிடையாது. பெண்கள் துணி எடுத்த வரலாறு மற்ற ஊர்களில் எங்கே தொடங்குதோ எனக்குத் தெரியாது. நம்ம ஊரில் இங்கேதான் தொடங்குது.

1810-களில் கர்னல் மன்றோ இங்கே ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்தார். கிறிஸ்தவத்துக்கு மாறின பெண்கள் குப்பாயம் போட்டுக்கலாம்னு அவர் காலத்தில் ஓர் உத்தரவு வந்தது. குப்பாயம்னா தொளதொளன்னு ஒரு சட்டை, நம்ம பாட்டிமார் போட்ட ஜம்பர் மாதிரி. ஆனா மேல்சாதிப் பெண்கள் போடுற தோள்சீலையை இவங்க போடக் கூடாது. அதாவது உடம்பை மூடலாம், ஆனா பார்த்தவுடனே யார் எந்த வகைன்னு தெரியணும். இவங்க தோள்சீலையும் போட ஆரம்பிச்சாங்க. 1820-களில் கலவரம். 1829-ல மறுபடியும் ஒரு அரசு அறிக்கை, குப்பாயம் சரி, தோள்சீலை கூடாதுன்னு. இவங்க விடலை. 1858, 1859-ல கலவரம் உச்சத்துக்குப் போனது. சந்தையிலும் பொதுவழியிலும் வச்சுப் பெண்களோட துணியைப் பிடிச்சு இழுத்துக் கிழிச்சாங்க. கடைசியா 1859 ஜூலை 26-ம் தேதி மகாராஜா அறிக்கை விட்டார். நாடார் பெண்கள் எல்லாரும் மேலுடம்பை மூடிக்கலாம். அதிலும் ஒரு கொக்கி இருந்தது: மேல்சாதிப் பெண்கள் உடுத்துற அதே மாதிரி மட்டும் உடுத்தக் கூடாது.

பள்ளிக்கூடத்துல இதைத் தோள்சீலைப் போராட்டம்னு பிள்ளைகள் படிக்குது. எனக்கு இது பாடமா வரலை. என் பாட்டிக்கு அவளோட பாட்டி சொன்னதாம்: சந்தைக்குப் போகும்போது கவணியை மடிச்சுக் கடவத்துக்கு அடியில வச்சு, மேல மரச்சீனிக் கிழங்கை அடுக்கிக்கிட்டுப் போவாங்களாம். ஆள் இல்லாத இடத்துல போட்டுக்குவாங்க, ஆளைக் கண்டா மறுபடியும் கிழங்குக்கு அடியில. பாட்டி இதைச் சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவா. ஏன் சிரிச்சான்னு இன்னைக்கு வரை எனக்குப் புரியலை.

இதே காலத்துல நாகர்கோவிலில் இன்னொரு காரியமும் நடந்தது. அதை யாரும் அவ்வளவா பேசுறதில்லை, நம்ம மலரிலாவது பதிவாகட்டும். மார்த்தா மால்ட்னு ஒரு மிஷனரியின் மனைவி 1820-களின் தொடக்கத்தில் பெண் பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தாங்க. அப்போ இங்கே அடிமைமுறை இருந்தது, திருவிதாங்கூரில் அது ஒழிஞ்சது 1855-ல. அந்தப் பள்ளியில அடிமைப் பெண் பிள்ளைகளும் இருந்தாங்க. ரேந்தை வித்த காசைச் சேர்த்துத் தங்களோட விலையைக் கொடுத்துத் தங்களையே மீட்டுக்கிட்ட பிள்ளைகள் அதில் உண்டு. யோசிச்சுப் பாருங்க, சேமிப்புன்னு நம்ம குழுக் கூட்டத்துல வாராவாரம் சொல்றோமே, அந்தப் பிள்ளைகள் எதுக்குச் சேமிச்சாங்கன்னு.

உடுக்கிற உரிமை வந்தாச்சு. ஆனா எதை உடுக்கணும்னு தேர்ந்தெடுக்கிற உரிமை வர இன்னும் நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுக்கு எந்த ராஜாவும் தடை போடலை, வீட்டிலேயே ஆள் இருந்தாங்க. எங்க அம்மா கல்யாணத்துக்குத் துணி எடுக்கக் கோட்டாறுக்குப் போனது பதினொரு பேர். பதினொரு பேரும் ஆண்கள். அம்மா தன்னோட கல்யாணப் புடவையைக் கட்டுற அன்னைக்குத்தான் பார்த்தா. "பிடிச்சிருந்துதாம்மா?"ன்னு ஒருநாள் கேட்டேன். "நல்ல கனம் இருந்துது"ன்னா. அவ்வளவுதான் பதில்.

எனக்கு எட்டு வயசு இருக்கும்போது அப்பா என்னைக் கோட்டாறில் ஒரு ஜவுளிக்கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போனார். அந்தக் கடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாச் சொல்லணும், ஏன்னா அந்த மாதிரிக் கடையை இப்போ பார்க்க முடியாது. மேஜை கிடையாது, கண்ணாடி கிடையாது. தரை முழுக்க மெத்தை விரிச்சு, மேல வெள்ளைத் துணி போட்டிருப்பாங்க. செருப்பை வாசலில் கழற்றிட்டு ஏறி அந்த மெத்தையில சம்மணம் போட்டு உட்காரணும். எதிரே முதலாளியும் அதே மெத்தையிலதான் உட்கார்ந்திருப்பார், பக்கத்துல சின்னக் கல்லாப்பெட்டி. விற்கிற ஆளும் உட்கார்ந்துதான் இருப்பார். பின்னால அலமாரியிலிருந்து ஒரு பையன் எடுத்து வீச, இவர் பிடிச்சுப் பிரிச்சு நம்ம முன்னால பரப்புவார். புடவை பாயுற சத்தம் ஒரு மாதிரி இருக்கும். விலை பேசுறதும், மோர் வருதான்னு கேக்குறதும், ஊர்க்கதையும் எல்லாம் அந்த மெத்தையிலேயே. வடசேரி, இரணியல் தறித் துணின்னா முதலாளியே கையில எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிச்சுக் காட்டுவார். வாங்குறவனும் விற்கிறவனும் ஒரே உயரம்.

ஒன்று மட்டும் இல்லை. அந்தக் கடையில ஒரு பொம்பளை கூட இல்லை, வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. நான் ஒருத்திதான். நானும் பாவாடைக்கு அளவு எடுக்க வந்த சின்னப் பிள்ளை.

பிறகு காலம் மாறினது. நைலக்ஸ் வந்தது, பாலியஸ்டர் வந்தது, தறித் துணி ஓரமாப் போனது. கைத்தறி நெசவாளர்களுக்காக 1935-லேயே தொடங்கின கூட்டுறவுச் சங்கமான கோ-ஆப்டெக்ஸில் அரசு ஊழியர்களுக்குத் தவணைக்குத் துணி கிடைச்சது. தவணைக்கு வழி இல்லாத நம்மளை மாதிரி ஆட்களுக்குத் தீபாவளிச் சீட்டு, கிறிஸ்துமஸ் சீட்டு. மெத்தையை எடுத்துட்டு மேஜை போட்டாங்க, கண்ணாடி அலமாரி, மாடி, அப்புறம் அதுக்கு மேல மாடி. பெண்கள் கடைக்கு வந்து தாங்களே பார்த்து எடுக்க ஆரம்பிச்சாங்க. பெண்கள் வந்தா, விற்க ஆண்கள் மட்டும் போதாது. கிராமத்துப் பெண் பிள்ளைகளை வேலைக்கு எடுத்தாங்க.

அப்படி எடுத்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி. 1986, எனக்குப் பதினெட்டு வயசு, சம்பளம் மாசம் 250 ரூபாய். கடையின் பெயர் வேண்டாம். காலையில 9 மணியிலிருந்து ராத்திரி 9 மணி வரை, கிறிஸ்துமஸ் நேரத்துல பத்தரையும் ஆகும். மேஜைக்கு அந்தப் பக்கம் வாடிக்கையாளருக்கு ஸ்டூல். இந்தப் பக்கம் எங்களுக்கு ஒண்ணும் கிடையாது. உட்கார்ந்ததைப் பார்த்தா அஞ்சு ரூபாய் பிடித்தம். ஆள் இல்லாத மத்தியான நேரத்திலும் நிக்கணும், சாயவும் கூடாது, "சாஞ்சு நின்னா கடைக்கு அழகில்லை". கழிப்பறை மூணாவது மாடியில, குடோனுக்குப் பின்னால. போக அனுமதி கேட்கணும், கேட்கிறது ஒரு ஆம்பளை சூப்பர்வைசர்கிட்ட. அதனால தண்ணி குடிக்க மாட்டோம். மாசத்துல அந்த மூணு நாள் எப்படி இருந்திருக்கும்னு உங்களுக்கு நான் எழுதிக் காட்ட வேண்டாம்.

வேலை எனக்குப் பிடிச்சிருந்தது, அதையும் சொல்லணும். புடவையை மூணே அசைவுல மடிக்க வரும். முந்தியை முதல்ல பார்க்கிறவ விசேஷத்துக்கு எடுக்க வந்தவ, ஓரத்தைத் தொட்டுப் பார்க்கிறவ தினம் கட்ட எடுக்க வந்தவ, விலைச்சீட்டைப் பார்த்துட்டுப் புடவையைப் பார்க்காம நகர்றவளுக்கு நானே விலை குறைஞ்சதை எடுத்து, "இந்தக் கலர் உங்களுக்குத்தான்க்கா எடுப்பா இருக்கும்"னு போடுவேன். புருஷனோட வர்ற பெண்கள் புடவையைத் தோளில் வச்சுட்டுக் கண்ணாடியைப் பார்க்க மாட்டாங்க, அவர் முகத்தைப் பார்ப்பாங்க. அவர் தலையாட்டினா பில்லு. அவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துக்கிட்டுத்தான் தலையாட்டுவார்.

நாலு வருஷம் நின்னேன். கல்யாணமாகி வெளியே வந்தப்போ கெண்டைக்காலில் பச்சை நரம்பு புடைச்சுச் சுருண்டு கிடந்தது. இப்பவும் இருக்கு. டாக்டர் வெரிகோஸ்னு சொன்னார். கூட வேலை பார்த்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது உண்டு.

சுய உதவிக் குழு வந்த கதை உங்களுக்கெல்லாம் மனப்பாடம். 1989-ல தர்மபுரியில் தொடங்கினது, 1997-க்கு அப்புறம் மகளிர் திட்டமா மாநிலம் முழுக்கப் பரவினது. நான் குழுவில் சேர்ந்தது 2003. அடுத்த வருஷம் ஆடு வளர்ப்புக் கடனைக் கட்டி முடிச்சு, கையில மிச்சம் 600 ரூபாய் நின்னது. குழுவில் நாங்க நாலு பேர் சேர்ந்து துணி எடுக்கப் போனோம். கூட ஆம்பளை யாரும் வரலை. ஒரு சின்னப் பொண்ணு புடவையைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டே, "அக்காவுக்கு என்ன கலர் பிடிக்கும்?"னு கேட்டா. எனக்குப் பதில் தெரியலை. நாலு வருஷம் ஆயிரம் பேருக்குக் கலர் சொன்னவ நான், முப்பத்தாறு வயசு, எனக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியலை. கடைசியில ஒரு மாம்பழ மஞ்சள் எடுத்தேன். வீட்டுல, "இது என்ன கலரு?"ன்னார். சொல்லட்டும்னு விட்டுட்டேன்.

நாங்க நாலு பேரும் ஸ்டூலில் உட்கார்ந்துதான் எடுத்தோம். அந்தப் பொண்ணு நின்னா. அது எனக்கு அன்னைக்குத் தோணவே இல்லை. இதைச் சொல்ல வெக்கமாத்தான் இருக்கு.

சென்னை தி.நகர் ரங்கநாதன் தெருக் கடைகளில் வேலை பார்க்கிற பிள்ளைகளைப் பற்றி 2010-ல 'அங்காடித் தெரு'ன்னு படம் வந்தது. வசந்தபாலன் எடுத்தது. பார்த்துட்டு நான் ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலை. ஆனா படம் பார்த்து அழுததோட நம்ம வேலை முடிஞ்சது. பக்கத்துல கேரளத்துல முடியலை. கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெருன்னு ஒரு கடைவீதி, அங்கே விஜின்னு ஒரு தையல்காரப் பெண். கடைகளில் வேலை பார்க்கிற பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது, எங்களை மாதிரியே தண்ணி குடிக்காம இருந்தாங்க. அவங்களைச் சேர்த்து 'பெண்கூட்டு'ன்னு ஒரு அமைப்பைத் தொடங்கினாங்க. முதல்ல கழிப்பறை கேட்டாங்க, அப்புறம் உட்கார இடம் கேட்டாங்க. திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடைப் பெண்கள் நூறு நாளுக்கு மேல போராடினாங்க. 'இரிக்கல் சமரம்'னு அதுக்குப் பேர். நமக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம், நம்ம ஊரிலும் இரின்னா உட்காருன்னுதான் அர்த்தம். 2018-ல கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, பணியாளருக்கு இருக்கை கொடுக்கணும்னு எழுதிச்சு.

மூணு வருஷம் கழிச்சு, 2021 செப்டம்பரில், நம்ம சட்டமன்றத்துலயும் அதே திருத்தம் வந்தது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல வந்தது. அதுல 22-அ ன்னு ஒரு பிரிவைச் சேர்த்தாங்க. எளிமையாச் சொன்னா இவ்வளவுதான்: கடையில வேலை செய்ற எல்லாருக்கும் தகுந்த இருக்கை வசதி செய்து கொடுக்கணும், வேலைக்கு நடுவுல உட்கார வாய்ப்பு கிடைக்கும்போது அவங்க உட்காரலாம், வேலை நேரம் முழுக்க நின்னுக்கிட்டே இருக்கும்படி வைக்கக் கூடாது. 1947-க்கும் 2021-க்கும் நடுவுல எழுபத்திநாலு வருஷம். ஒரு ஸ்டூலுக்கு.

இப்போ கடைக்கு வந்துட்டோம்.

2023-ல கூட்டமைப்பு ஆண்டு விழாவுக்குச் சீருடைப் புடவை 62 எடுக்கணும்னு தீர்மானம் போட்டோம். நானும் பொருளாளரும், நம்ம மூத்த உறுப்பினர் பாட்டியும் நாகர்கோவிலுக்குப் போனோம். பாட்டி எதுக்குன்னா, கலரில் தகராறு வந்தா அவங்க சொன்னா யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க. கடைப் பெயர் இங்கேயும் வேண்டாம். இரண்டாவது மாடி, ஏசி, பாட்டு. எங்களுக்கு மூணு ஸ்டூல் இழுத்துப் போட்டாங்க. இருபது வயசுப் பொண்ணு ஒண்ணு பிரிச்சுக் காட்டுது. நான் புடவையைப் பார்க்கலை, அவ காலைப் பார்த்தேன். இடது காலில் கொஞ்ச நேரம், வலது காலில் கொஞ்ச நேரம். எனக்குத் தெரியும் அது என்னன்னு.

எனக்கு முன்னால பாட்டி சொல்லிட்டாங்க. "மக்ளே, நீயும் இரி."

அந்தப் பொண்ணு சிரிச்சுட்டு மேலே கேமராவைப் பார்த்தா. "பரவால்ல பாட்டி."

"ஸ்டூல் இல்லியா உனக்கு?"

சூப்பர்வைசர் வந்துட்டார். நல்ல மரியாதையாத்தான் பேசினார். "கஸ்டமர் இருக்கும்போது ஸ்டாஃப் உட்காரக் கூடாதும்மா." நான் 22-அ பிரிவைச் சொன்னேன். கை நடுங்குச்சு, முப்பத்தேழு வருஷத்துக்கு முந்தின சூப்பர்வைசரே எதிர்ல நிக்கிற மாதிரி. அவர், "அதெல்லாம் மேனேஜ்மென்ட்கிட்ட பேசணும்மா"ன்னார். உடனே நம்ம பொருளாளர் எழுந்து நின்னாங்க. "அப்போ நாங்களும் நின்னுக்கிட்டே எடுக்கிறோம். அறுபத்திரெண்டு புடவை, நேரம் ஆகும்." நாங்களும் எழுந்துட்டோம். முட்டிவலிக்காரப் பாட்டியும் மேஜையைப் பிடிச்சுக்கிட்டு எழுந்தாங்க. மூணு ஸ்டூலும் காலியா கிடக்க, மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லாரும் நின்னோம். மற்ற வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தாங்க.

இந்த இடத்துல கை தட்டணும்னு நினைக்கிறவங்க கொஞ்சம் பொறுங்க. அவர் எங்கேயோ போன நேரத்துல அந்தப் பொண்ணு குனிஞ்சு மடிச்சுக்கிட்டே மெதுவாச் சொன்னா: "நீங்க போயிருவீங்க. அப்புறம் என்னையத்தானே கேப்பாங்க."

எங்க மூணு பேருக்கும் வாயடைச்சுப் போச்சு. அவ சொன்னது சரி. நான் அந்த வயசுல நின்னப்போ எவளாவது எனக்காகச் சண்டை போட்டிருந்தா, நானும் அவளைத் திட்டிக்கிட்டேதான் இருந்திருப்பேன்.

அன்னைக்கு அரக்குச் சிவப்பில் பச்சை ஓரம் வச்சது முடிவு பண்ணோம். ஒரே மாதிரி 53 தான் இருந்தது. 385 ரூபாய் வீதம் 20,405. மிச்சம் ஒன்பது ஒரு வாரத்துல வரும்னாங்க. ஊருக்கு வந்து அவசரக் கூட்டம் போட்டோம். அந்தப் பொண்ணைப் பற்றி ஒரு வார்த்தை வராம, எந்தக் கவுண்டர்னும் சொல்லாம, கூட்டமைப்பின் பெயரில் முதலாளிக்குக் கடிதம். உங்கள் கடையில் வருஷா வருஷம் எங்கள் உறுப்பினர்கள் துணி எடுக்கிறார்கள், இந்தச் சட்டப்பிரிவை இணைத்துள்ளோம், எல்லாத் தளத்திலும் இருக்கை போட வேண்டும் என்று. கீழே 62 கையெழுத்து. கைநாட்டு ஒண்ணு கூடக் கிடையாது, அதுல எனக்கு ஒரு பெருமை.

ஒரு வாரம் கழிச்சு மிச்சப் புடவைக்குப் போனோம். அதே மூணு பேர். அதே மாடி. அந்தப் பொண்ணு அங்கேயேதான் இருந்தா, அதைக் கண்டதும்தான் எனக்கு மூச்சே வந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். ஸ்டூல் இருந்தது. புதுசு, நீல பிளாஸ்டிக், ஒவ்வொரு மேஜைக்கும் ஒண்ணு. அவ மேஜையில இருந்த ஸ்டூலின் மேல மடிச்ச பூனம் புடவைக் கட்டு ஒண்ணு அடுக்கி வச்சிருந்தது.

பாட்டி சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் போனாங்க. யாரையும் கேட்கலை. கட்டைத் தூக்கி மேஜை மேல வச்சாங்க. "இது இரிக்கதுக்கு உள்ளது மக்ளே."

அவ ஒரு தடவை சுத்திப் பார்த்துட்டு உட்கார்ந்தா. ஒன்பது புடவைக்கு 3,465 ரூபாய்க்குப் பில்லு போட்டு வர்ற வரைக்கும் உட்கார்ந்திருந்தா. அந்த நேரத்துல பாட்டிகிட்ட எந்த ஊரு, என்ன வீடுன்னு எல்லாம் கேட்டுக்கிட்டிருந்தா.